வீட்டிலேயே ஸ்கிரீன் பிரிண்டிங்: தொடங்குபவர்கள் கேட்டவை

திருப்பூர்ப் பக்கம் துணிப்பை, டி-ஷர்ட் அச்சு வேலை செய்கிறேன். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, எக்ஸ்போஷர் லைட்டோடு (ஸ்கிரீனில் டிசைனைப் பதிக்கும் விளக்கு) முழு கிட் விற்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா?

இப்போது வேண்டாம். மெஷ் என்னும் மெல்லிய வலைத்துணி கட்டிய ஒரு மரச்சட்டம் (இதுதான் ஸ்கிரீன்), ஒரு ஸ்க்வீஜி (இங்க்கை இழுக்கும் ரப்பர் பட்டை), துணிக்கான பிக்மென்ட் என்னும் நிறம், அதைத் துணியில் பிடிக்கவைக்கும் பைண்டர், காகிதம் வெட்டும் கத்தி போதும். பிக்மென்ட்டும் பைண்டரும் கலந்ததுதான் இங்க். டிசைனைக் காகிதத்தில் வெட்டிச் சட்டத்துக்கு அடியில், துணியின் மேல் வைத்து, சட்டத்துக்குள் இங்க் ஊற்றி ஸ்க்வீஜியால் இழுங்கள். அந்த ஈரத்திலேயே காகிதம் மெஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். காகிதம் ஊறிப்போகும்வரை அச்சடித்துக்கொண்டே போகலாம். இதில் கை பழகத்தான் நாள் பிடிக்கும். அதற்கு முன்னால் சாமான்களைச் சேர்த்துவிட்டால், அச்சு கெடும்போது கோளாறு ஸ்கிரீனிலா, இங்க்கிலா, கையிலா என்று பிடிபடாது.

எந்த மெஷ் வாங்குவது?

துணிக்கு அங்குலத்துக்கு 110 இழை உள்ளது. காகிதத்தில் அழைப்பிதழ் மாதிரி நுணுக்கமான வேலைக்கு 200-க்கு மேல்.

எனக்கு ஓரமெல்லாம் கசிந்து எழுத்து தடித்துவிடுகிறது. என்ன தப்பு?

பெரும்பாலும் சட்டம் துணியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நான்கு மூலையிலும் அடியில் அட்டைத்துண்டு ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள். ரப்பர் கடக்கும் இடத்தில் மட்டும் மெஷ் துணியைத் தொட்டு, உடனே மேலே எழும்ப வேண்டும். அப்படி எழும்பும்போதுதான் ஓரம் கூர்மையாக விழும். அடுத்தது, ஸ்க்வீஜியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுப்பது. சரியாக இழுத்தால் ரப்பர் போன தடத்தில் மெஷ் சுத்தமாகத் தெரியும், மேலே இங்க் படலம் நிற்காது. சரியாக விழவில்லையே என்று நாலைந்து தடவை இழுக்காதீர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் இங்க் அடியில் பரவிக்கொண்டே போகும். ரப்பரின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் எவ்வளவு சீராக இழுத்தாலும் பயனில்லை.

கோலம் வெட்டினேன். நடுவில் உள்ள துண்டுகள் எல்லாம் தனியாக விழுந்துவிட்டன அக்கறையாக வெட்டியும்.

மூடிய வளைவு எங்கே வந்தாலும் இது நடக்கும். ண, ஞ, ஓ போன்ற எழுத்துகளிலும் இதே பாடுதான். விழுந்த துண்டுகளைத் துணியின் மேல் அதனதன் இடத்தில் வைத்து, ஸ்கிரீனை மெதுவாக இறக்கி ஒரு முறை இழுங்கள். இங்க் அவற்றை மெஷ்ஷில் பிடித்துக்கொள்ளும். புள்ளிக் கோலத்துக்கு இது போதும். சிக்குக் கோலத்துக்கு எமல்ஷனுக்குப் போய்விடுவது நல்லது. அது மெஷ்ஷில் பூசும் பூச்சு; வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகும், டிசைனின் கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து திறக்கும்.

அந்த எமல்ஷனை லைட் இல்லாமல் வெயிலில் காட்டலாமா?

தாராளமாக. மங்கிய வெளிச்சத்தில் மெல்லிசாகப் பூசி, இருட்டில் நன்றாகக் காயவிட்டு, டிசைன் பிரிண்ட் எடுத்த ஷீட்டை வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். அந்த ஷீட்டுக்கு ஃபிலிம் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இல்லையென்றால், லேசர் பிரிண்ட் எடுத்த தாளில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாலும் ஒளி ஊடுருவும். கறுப்பு நல்ல அடர்த்தியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். உங்கள் மொட்டை மாடி வெயிலும் நீங்கள் பூசிய கனமும்தான் அதைச் சொல்லும். எமல்ஷன் பூசி டிசைன் வைத்த சின்ன ஸ்கிரீனை வெயிலில் ஒரு அட்டையால் மூடி, அட்டையை 30 விநாடிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அப்புறம் தண்ணீரில் கழுவினால், குறைவாக வெயில் பட்ட பட்டை கரைந்து ஓடும், அதிகம் பட்டதில் டிசைனே திறக்காது. இரண்டுக்கும் நடுவில் சுத்தமாகத் திறந்த பட்டைதான் உங்கள் நேரம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எமல்ஷனில் ஆரஞ்சு நிறப் பைக்ரோமேட் உப்பைக் கலக்கும் பழைய முறை வீட்டுக்கு வேண்டாம். அதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகைக் குரோமியம். தோலில் பட்டால் புண்ணாகும், சாக்கடையில் விட்டால் தண்ணீரும் கெடும். அது கலக்கத் தேவையில்லாத ஃபோட்டோபாலிமர் எமல்ஷன் விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

ஒரே துவையலில் சாயம் போய்விட்டது.

இரண்டு காரணம் இருக்கலாம். காடா துணியில் கஞ்சி இருக்கும். அதைத் துவைத்துப் போக்காமல் அச்சடித்தால் இங்க் கஞ்சியின் மேல்தான் உட்காரும். இன்னொன்று சூடு. பிக்மென்ட் காய்ந்தால் மட்டும் போதாது, பைண்டர் பிடிக்க 150 டிகிரி அளவில் சில நிமிடம் சூடு வேண்டும். நன்றாகக் காயவிட்டு, மேலே ஒரு துணி விரித்து, ஆவி இல்லாமல், இடம் இடமாக நிறுத்தி இஸ்திரி போடுங்கள்.

கறுப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் அடித்தேன், தெரியவே இல்லை.

சாதாரண பிக்மென்ட் மறைக்காது. அதற்குக் காதி ஒயிட் என்று, அடி நிறத்தை மறைக்கும் வெள்ளைப் பேஸ்ட்டைக் கேட்டு வாங்கி, அதில் கலர் கலந்து அடியுங்கள்.

லீவில் பிள்ளைகளுக்கு ஏதாவது?

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, ஸ்பாஞ்சில் ஊற்றிய கலரில் தொட்டுக் காகிதப் பையில் ஒற்றச் சொல்லுங்கள். அச்சு என்றால் என்ன என்று அதிலேயே புரிந்துவிடும்.

துணிப்பைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. விலை எப்படிப் போடுவது?

பை, இங்க் விலையோடு ஸ்கிரீன் செலவை ஆர்டரில் உள்ள பைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள். பத்துப் பைக்கும் நூறு பைக்கும் ஒரே விலை சொன்னால் கையைக் கடிக்கும். கெட்டுப்போகும் பைகளுக்கும் உங்கள் கூலிக்கும் காசு வையுங்கள். வீட்டில் செய்கிறோம் என்று கூலியை விட்டுவிடும் பெண்கள் நிறையப் பேர், அதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அப்புறம், நடிகர் படம், பிரபல லோகோ கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த உரிமை வேறு ஒருவருடையது. நீங்கள் வரைந்ததையே காட்டுங்கள்.