மடக்குக் கத்தியில் முதலில் மூட்டைப் பாருங்கள்

கேள்வி: பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி வேண்டும். 700 ரூபாய்க்குள் பாரிமுனையில் வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், பெரம்பூர்

பதில்: கடையில் எல்லாக் கத்தியும் கூராகத்தான் இருக்கும். கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். அலகும் பிடியும் சேரும் மூட்டு மோசமாக இருந்தால் விரலுக்குத்தான் ஆபத்து.

முழுதாக விரித்து அலகை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் மூட்டு ஸ்க்ரூவை முடுக்கலாம். பெரும்பாலும் டி6 அல்லது டி8 அளவு நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் பொருந்தும். மேலும் கீழும் ஆடினால், விரித்த அலகை மடங்காமல் நிறுத்தும் பூட்டு சரியாக உட்காரவில்லை, வாங்காதீர்கள். ரிவிட் அடித்த மலிவுக் கத்தியில் எந்த ஆட்டமும் கூடாது, முடுக்க வழியே இல்லை.

அடுத்தது பூட்டு. இந்த விலையில் அதிகம் வருவது லைனர் லாக். விரித்ததும் பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து வந்து அலகின் அடிக்கு முட்டுக் கொடுக்கும். அடியின் தடிமனில் கால் பங்கு முதல் பாதிவரை தகடு போயிருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் தொட்டால் அழுத்தும்போது நழுவும். இப்போதே எதிர்ப்பக்கம் வரை போயிருந்தால், தேய்ந்த பிறகு நகர இடமிருக்காது. மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பத்து முறை விரித்தால் பத்து முறையும் நிற்க வேண்டும். மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்காதீர்கள், நல்ல பூட்டும் கெட்டுவிடும்.

அலகு 7 செ.மீ. நீளம் போதும். முதுகு 2 முதல் 2.5 மி.மீ. இருக்கட்டும். 4 மி.மீ. தடிமன் பார்க்கப் பலமாகத் தெரியும், ஆனால் ஆப்பிளை நறுக்காது, பிளக்கும். பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை வேண்டவே வேண்டாம். ஆயுத விதிகள் 2016 குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. உங்களுடையது அதற்குள் அடங்காது. ஆனாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியில் வையுங்கள். மெட்ரோ சோதனையிலும் தடுக்கலாம். தினமும் மெட்ரோவில் போகிறவர் ஆபீஸ் மேசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: டி2 எஃகுக் கத்தி வாங்கினேன். மூன்றே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துரு. போலியா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: போலி என்று சொல்ல முடியாது. டி2-வில் குரோமியம் ஏறக்குறைய 12 சதவீதம் உண்டு. ஆனால் கார்பனும் சுமார் 1.5 சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் ஒரு பகுதி அதோடு சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. கூர் நீண்ட நாள் நிற்கும், கடற்காற்றுக்குத் தாங்காது. உங்கள் பகுதிக்கு 12சி27 போன்ற துருப்பிடிக்காத எஃகே ஏற்றது. அது சீக்கிரம் மழுங்கினாலும் தீட்டுவது எளிது.

இருக்கும் கத்தியைக் காப்பாற்றலாம். மாங்காய், எலுமிச்சை நறுக்கியதும் துடைக்காமல் மடக்காதீர்கள், புளிப்புச் சாறு மூட்டுக்குள் இறங்கிவிடும். கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பாக்கெட் பஞ்சு பூட்டுத் தகட்டில் அடைந்தால் பூட்டு முழுதாக விழாது, பல்குச்சியால் எடுத்துவிடுங்கள்.

தெருச் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். சூட்டில் விளிம்பின் பதம் போய்விடும். 1000 எண் நீர்க்கல்லில் (நீரில் நனைத்துத் தீட்டும் கல்), 2.5 செ.மீ. அகல அலகென்றால், முதுகைக் கல்லிலிருந்து 8 மி.மீ. தூக்கிப் பிடித்துத் தீட்டுங்கள். கோணம் ஏறக்குறைய 20 டிகிரிக்கு வரும்.