கிராம சபையில் முதல் தடவை பேசப் போகிறேன். எப்படிப் பேசினால் காரியம் நடக்கும்?

கேள்வியின் விவரம்: "திருவாரூர் பக்கம் சின்ன ஊராட்சி. எங்கள் தெரு வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. கிராம சபையில் எழுந்து கேட்கலாம் என்று இருக்கிறேன். இதுவரை நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை. என்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும்?"

பேச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். கிராம சபை பட்டிமன்றம் இல்லை. அங்கே கணீரென்று பேசிக் கைதட்டல் வாங்கியவர் விஷயம் நோட்டில் ஏறாமலே போயிருக்கும். வாய் திக்கினவர் கொடுத்த ஒரு பக்கக் காகிதம் தீர்மானமாகியிருக்கும். கூட்டம் கலையும்போது தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வாய்க்கால் எந்த வார்த்தைகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. அதற்கான வேலையில் முக்கால்வாசி கூட்டத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

முதலில் தேதி. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த விஷயத்தை எந்தக் கூட்டத்தில் வைப்பது என்பதில்தான் டெல்டாக்காரர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். மேட்டூர் திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. அப்படித் திறக்கும் வருஷங்களில் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். தூர்வாருகிற வேலை நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். ஆக, மே 1 கூட்டத்தில் எழுந்து "வாய்க்கால் தூர்வாரணும்" என்றால் அந்த வருஷத்துக்கு ஆன பட்டியல் அநேகமாக முடிந்திருக்கும். ஜனவரி 26-ல் கேளுங்கள். அப்போது வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், உள்ளே இறங்கி அளக்க முடியாது, பரவாயில்லை. வாய்க்கால் பெயர், நீளம், பாசனப் பரப்பு மட்டும் போட்டு ஒரு தீர்மானம். அணை மூடுவது வழக்கமாக ஜனவரி 28. சம்பா அறுவடையும் முடிந்து தரை காய்ந்த பிறகு அளவெடுத்து, மார்ச் 22 கூட்டத்தில் அளவுகளோடு இன்னொரு முறை. நெல் கொள்முதல் நிலையம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் 15. 2022 முதல் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-லேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர வேண்டிய ரோடு, மயானக் கொட்டகை, தெருவிளக்கு எல்லாம் அக்டோபர் 2. வடிகால் அடைத்துக் கிடக்கிறது என்று நவம்பர் 1-ல் சொன்னால் அதற்குள் மழையே வந்திருக்கும்.

அடுத்தது, அந்த வாய்க்கால் யாருடையது? ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரிவது பி, இப்படியே சி, டி என்று போகும். ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத்துறையிடம் இருக்கின்றன. சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது பெரும்பாலும் வேளாண் பொறியியல் துறை, சில இடங்களில் ஊராட்சியே. தெரியாவிட்டால் ஷட்டர் திறக்கிற லஸ்கரைக் கேளுங்கள், நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். துறை பெயரை மாற்றி எழுதிய தீர்மானம் ஒவ்வொரு ஆபீசாகச் சுற்றி, "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதிலோடு அறுவடைக்கு அப்புறம் திரும்பி வரும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்க்காலின் புல எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள். நீளத்தை முழுக்க அளந்துவிட்டு, மேல் அகலம், அடி அகலம் இரண்டையும் தலைப்பில், நடுவில், கடைசியில் என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மண் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்பதைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். மதகு, பாலம் இருக்கிற இடத்தில் மண்வெட்டியால் தோண்டினால் அடியில் கட்டுமானத் தளம் தட்டும். அதுதான் பழைய தரைமட்டம். தளத்திலிருந்து இன்றைய மண்மட்டம் வரை ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். 600 மீட்டர் நீளம், சராசரி 3 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் மண் என்றால் 810 கன மீட்டர் அள்ள வேண்டும். இந்த ஒரு எண் கையில் இருந்தால் பொறியாளர் உங்களோடு பேசும் தொனியே மாறும். பரப்பை ஊரில் மாவிலும் வேலியிலும் சொல்வோம், மனுவில் ஏக்கராக்குங்கள். ஒரு மா சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி, வேலிக்கு சுமார் 6.6 ஏக்கர். பன்னிரண்டு வேலி என்பது 80 ஏக்கர் சுமார்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கூட்டத்தில் விஷயம் கவிழ்வது வேறு ஓர் இடத்தில்: கரை. வாய்க்கால் கரையில் ஒருவர் நாலு தென்னை வைத்திருப்பார். இன்னொருவர் வைக்கோல் போர் போட்டிருப்பார். மூன்றாமவர் வரப்பை ஒவ்வொரு வருஷமும் ஒரு சாண் உள்ளே தள்ளிக்கொண்டே வந்திருப்பார். தூர்வாருகிறோம் என்றதும் இவர்களுக்குத்தான் முதலில் வயிறு கலங்கும். அள்ளுகிற மண்ணை எங்கே கொட்டப் போகிறீர்கள் என்பது அடுத்த பயம். இதைக் கூட்டத்தில் வைத்துப் பேசினால் சண்டை நிச்சயம். தீர்மானம் "பின்னர் பரிசீலிக்கலாம்" என்று படுத்துவிடும். ஒரு வாரம் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். "மாமா, தென்னையில யாரும் கை வைக்க மாட்டாங்க. ஜேசிபி போறதுக்கு ஒரு பக்கம் மூணு மீட்டர் விட்டாப் போதும். மண்ணு உங்க கரைக்கே பலம்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதி இரண்டு பேர் பெயரைச் சபையில் சொல்லவே கூடாது. ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையும் வேண்டாம். "வாய்க்கால் புறம்போக்கை நில அளவை செய்து எல்லை காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் அளக்க வேண்டியது சர்வேயர் வேலை, உங்கள் பகை இல்லை.

கடைமடைக்காரர்கள் பத்துப் பேரையும் பெண்களில் நாலைந்து பேரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் முடித்ததும் "ஆமாம், எங்க வயலுக்கும் அதான்" என்று இரண்டு குரல் வந்தாலே போதும்.

இப்போது அந்தக் காகிதம். பலரும் "எங்கள் பகுதி வாய்க்கால்களைத் தூர்வாரித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுவார்கள். எந்த வாய்க்கால், எவ்வளவு, யார், எப்போது? ஒன்றும் கிடையாது. இப்படி எழுதுங்கள்:

"... வருவாய் கிராமம், புல எண் ..., ... வழியாகச் செல்லும் கீழத்தெரு வடக்கு வாய்க்கால், பெரிய மதகு முதல் சுடுகாட்டுப் பாலம் வரை 600 மீட்டர் நீளத்துக்குச் சராசரி 45 செ.மீ. மண் மேடிட்டு, காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டியுள்ளது. இதனால் கடைமடையில் சுமார் 80 ஏக்கருக்குத் தண்ணீர் ஏறவில்லை. மே மாத இறுதிக்குள் இவ்வாய்க்காலைத் தூர்வாரித் தருமாறு வேளாண் பொறியியல் துறையைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்படுகிறது."

ஊராட்சிச் செயலர் அப்படியே பார்த்து எழுதிவிடுவார். அவருக்கும் வேலை மிச்சம். மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று செயலருக்கு, ஒன்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து வருகிற பற்றாளருக்கு, மூன்றாவதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி உங்கள் கையில். முடிந்தால் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டாலும் "இதர பொருள்கள்" வரும்போது கேட்கலாம்.

கூட்ட நாளன்று நேரத்துக்குப் போங்கள். பதினொரு மணி என்றால் பதினொன்றே காலுக்கே ஆரம்பித்து அரை மணியில் முடித்துவிடும் ஊர்களும் உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் சபையின் உறுப்பினர்கள்தான். பேச யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். குறைவெண் என்று ஒன்று இருக்கிறது: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். அது சேராவிட்டால் கூட்டமே செல்லாது. அதனால்தான் வந்ததும் வராததுமாகக் கையெழுத்து வாங்குவதில் அவ்வளவு அவசரம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம், தப்பில்லை. ஆனால் மேலே வெற்றிடம் விட்டு "தீர்மானம் அப்புறம் எழுதிக்கலாம்" என்று நீட்டினால், "வாசிச்சிடுங்க, போட்டுடறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சிரிப்பு முக்கியம்.

ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30-ல் சபை முன் வைக்க வேண்டும், பேனரிலும் போட வேண்டும். அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குச் சண்டை போட அல்ல.

உட்காருவது நடுவில், செயலர் காதுக்கு எட்டுகிற இடத்தில். டெல்டா ஊர்களில் எந்தத் தெருக்காரர் எங்கே உட்காருவது என்று எழுதாத வழக்கம் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை, எல்லாருக்கும் ஒரே ஜமுக்காளம்தான். தலைவர் உங்களுக்குச் சித்தப்பா முறையாகவே இருக்கட்டும், சபையில் "தலைவர் அவர்களே". "என்ன சித்தப்பா, போன தடவையும் இதத்தானே சொன்னீங்க" என்று ஆரம்பித்தால் வீட்டுப் பேச்சாகிவிடும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தால் "அலுவலர் அவர்களே". பேச்சு இரண்டு நிமிஷம் போதும்:

"வணக்கம். நான் கீழத்தெரு. ஒரே ஒரு விஷயம். வடக்கு வாய்க்கால், பெரிய மதகிலேர்ந்து சுடுகாட்டுப் பாலம் வரைக்கும் அறுநூறு மீட்டர் தூர்ந்து போச்சு. எண்பது ஏக்கர் காயுது. அளவு எல்லாம் இந்த மனுவுல இருக்கு. இத தீர்மானமா போடணும்னு கேட்டுக்கறேன்."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுங்கள். கை நடுங்கினால் காகிதத்தைப் பார்த்தே வாசியுங்கள். வாய்க்காலோடு ரேஷன் கடை, கரண்ட், கோயில் கணக்கு என்று நாலைச் சேர்த்தால் பதிலும் நாலாகப் பிரிந்து, கடைசியில் கோயில் கணக்கில் போய்க் கூட்டம் நிற்கும். கோயில் பேச்சு எழுந்தால் வாயைத் திறக்காதீர்கள். அது தானே ஓயும், கொஞ்ச நேரம் ஆகும்.

யாராவது "இது பஞ்சாயத்து வேலை இல்ல" என்று மறித்தால், ஒத்துக்கொள்ளுங்கள். "சரிதாங்க, செய்யப் போறது அந்தத் துறைதான். சபை கேட்டுக்குதுன்னு எழுதினாப் போதும்." ஊராட்சியின் சொந்தப் பொறுப்பு குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர்ச்சாலை போன்றவை. மற்ற துறைகளை சபைத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் ஒரு தனி ஆள் மனுவுக்கும் தீர்மான எண் போட்ட மனுவுக்கும் மேசையில் மரியாதை வேறு. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிய சட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது; அதற்கு முன் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டங்களை எதிர்த்து இந்த வட்டாரத்து ஊர்கள் கையில் எடுத்த வழிகளில் கிராம சபைத் தீர்மானமும் ஒன்று. பட்டா பெயர் மாற்றம், பாகப் பிரச்சினை இவற்றை மட்டும் அங்கே கொண்டு போகாதீர்கள். அது ஜமாபந்திக்கும் தாலுகா ஆபீசுக்கும் உரியது.

கலைவதற்கு முன் செயலரிடம் போய், "தீர்மான எண் என்னங்க?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். "நாளைக்கு எழுதிடறேன்" என்றால் அந்த நாளைக்கே போய் நில்லுங்கள். வார்த்தை மாறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். "600 மீட்டர்" விட்டுப் போயிருந்தால் அப்போதே சேர்க்கச் சொல்வது சுலபம், ஒரு மாதம் கழித்து முடியாது. நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆள் மாறி அனுப்பியிருந்தாலும் உரியவருக்கு 5 நாளுக்குள் மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

நகல் கைக்கு வந்ததும் கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போங்கள். சம்பந்தப்பட்ட துறை அதிகாரிகள் அங்கே ஒரே கூடத்தில் இருப்பார்கள். தீர்மான நகல், அளவுக் குறிப்பு, தூர்ந்த வாய்க்காலின் இரண்டு போட்டோ, மூன்றையும் மனுவோடு பின் பண்ணிக் கொடுத்து மனு எண் வாங்குங்கள். ஊராட்சித் தரப்பில் இழுத்தடித்தால் 'ஊராட்சி மணி' 155340-க்குப் போன் செய்து பதியலாம். அடுத்த கிராம சபையில் எழுந்ததும் புதிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். "போன கூட்டத் தீர்மானம் இத்தனாம் நம்பர், இந்த மனு எண், என்ன நடவடிக்கை எடுத்திருக்கீங்க?" என்று மட்டும் கேட்டு, வரும் பதிலையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.