ஏற்றத்தில் திணறும் பழைய டீசல் கார்: சிப் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது 2007ஆம் ஆண்டு கோல்ஃப் 5, 1.9 டிடிஐ. 2,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாள். என்3 நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வருகிறோம். நான்கு பேர், சாமான்கள், ஏசி என்று கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளோடு லாரியாக ஊர்கிறது. முந்துவதற்காக அழுத்தி மிதித்தால் சில சமயம் சட்டென்று வலு இறங்கிவிடுகிறது. ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. விளக்கு எதுவும் எரிவதில்லை. சிப் (என்ஜின் கணினியின் கணக்கை மாற்றி வலுவைக் கூட்டுவது) போட்டால் 30 குதிரைத்திறன் கூடும் என்கிறார் மைத்துனர். கையில் 8,000 ரேண்ட் இருக்கிறது. போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். உங்கள் காரில் தொழிற்சாலை கொடுத்த வலுவே முழுதாக இல்லை. அதை மீட்பதுதான் முதல் வேலை. அதற்கு உங்கள் பணத்தில் பாதிகூடச் செலவாகாமல் போகலாம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அழுத்தி மிதித்ததும் வலு போகிறது, அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது என்கிறீர்கள். டர்போ என்பது வெளிப்புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அதன் காற்றழுத்தம் கேட்ட அளவைவிட மிகுந்தாலோ குறைந்தாலோ, என்ஜினைக் காப்பாற்ற கணினி டர்போவை ஒதுக்கிவிட்டுச் வலுவைக் குறைத்து ஓட்டும். சாவியைத் திருப்பினால் மறந்துவிட்டு மறுபடி முயலும். இந்த வண்டிகளில் பல நேரம் விளக்கு எரியாது. ஆனால் நினைவகத்தில் குறி பதிந்திருக்கும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பி0234 என்று வந்தால் அழுத்தம் மிகுதி, பி0299 என்று வந்தால் அழுத்தம் குறைவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதற்கு மேல் சிப்பைப் போட்டால், ஏற்கெனவே சொன்னபடி கேட்காத டர்போவிடம் இன்னும் அதிகமாகக் கேட்பதாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டவுன் ஹில்லில் ஓரம் கட்டி நிறுத்தாதீர்கள். மூடுபனியும் பாரம் ஏற்றிய லாரிகளும் சேரும் சாலை அது. வலு இறங்கினால் இடது தடத்தில் மெதுவாகவே ஏறி, வெளியேறும் பாதை வந்த பிறகு நிறுத்துங்கள்.

இனி காரைப் பார்ப்போம். பெட்ரோல் என்ஜினில் காற்றைத் திறந்து மூடி வலுவைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் அப்படியில்லை. காற்று எப்போதும் தாராளமாகப் போகும். எவ்வளவு டீசல் ஊற்றுகிறோம் என்பதுதான் வலு. ஆனால் காற்றுக்கு மிஞ்சி டீசல் ஊற்றினால் கரும்புகை வரும். அதனால் உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்குத் தக்கபடிதான் கணினி டீசலை விடுகிறது. அளக்கும் வேலையைச் செய்வது ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் ஏர் மாஸ் மீட்டர். வயதாகி அது குறைத்து அளக்க ஆரம்பித்தால் கணினியும் டீசலைக் குறைத்துவிடும். விளக்கு இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. கார் சோம்பலாகிவிடும், அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குவதால் ஓட்டுபவருக்கே தெரியாது.

இதற்குக் காசில்லாத ஒரு சோதனை உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு அந்த மீட்டரின் ஒயர் பிளக்கைக் கழற்றி, ஒரு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். அளவு கிடைக்காததால் கணினி தன்னிடமுள்ள பொதுக்கணக்கை எடுத்துக்கொள்ளும். கார் முன்பைவிட நன்றாக இழுத்தால் மீட்டர் பழுது என்று பொருள். புதிது வாங்கும்போது பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்க வேண்டாம். பழையதைவிட மோசமாக அளக்கும் புதியவையும் கடைகளில் கிடைக்கின்றன.

கரும்புகை வருகிறதென்றால் கதை வேறு. அளந்து உள்ளே விட்ட காற்று என்ஜினுக்குப் போய்ச் சேருமுன் எங்கோ கசிகிறது. டர்போவிலிருந்து முன்பக்க இன்டர்கூலருக்கும் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் தடித்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இணைப்புகளில் ரப்பர் வளையமும் கம்பிக் கிளிப்பும் இருக்கும். கசியும் இடத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்த கறுப்புப் பிசுக்கு படிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். ரப்பர் வளையத்தின் விலை அற்பம். குழாயையே மாற்ற வேண்டியிருந்தாலும் சிப்பைவிடக் குறைவு.

உங்கள் காரில் நான் முதலில் கை வைப்பது வேறொரு இடம். என்ஜினுக்குப் பின்னால், தடுப்புச் சுவரில் என்75 என்ற சிறு வால்வு இருக்கிறது. டர்போவுக்குள் வெளிப்புகை மோதும் சக்கரத்தைச் சுற்றி நகரும் இறகுகள் உண்டு. அவற்றை இழுக்கும் வேக்குவத்தை (வெற்றிட உறிஞ்சலை) இந்த வால்வுதான் அளந்து விடுகிறது. பென்சிலைவிட மெல்லிய ரப்பர் குழாய்கள் அதில் செருகப்பட்டிருக்கும். பல ஆண்டு வெப்பத்தில் அவற்றின் முனைகள் தடித்து வெடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். முனையை லேசாக வளைத்தால் மயிரிழைபோல விரிசல் வாய் திறக்கும். குழாயில் நீளம் மிச்சமிருந்தால் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினால் போதும். நான் எல்லாக் குழாய்களையும் மாற்றிவிடச் சொல்வேன். மீட்டர் கணக்கில் வாங்கும் சாதாரணச் சரக்கு அது.

பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, டர்போவின் பக்கத்தில் உள்ள தடியைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் தடங்கலின்றி ஏறவேண்டும், அணைத்ததும் இறங்கவேண்டும். ஏறவே இல்லையென்றால் வேக்குவம் வரவில்லை. விட்டுவிட்டு, சிக்கிச் சிக்கி நகர்ந்தால் இறகுகளில் புகைக்கரி படிந்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்துக்கும் நகரத்துக்கும் இடையே நெரிசலில் குறைந்த சுற்றில் ஓடும் கார்களுக்கு வரும் நோய் இது. ஊருக்குள் தெரியாது; நெடுஞ்சாலையில் அழுத்தி மிதிக்கும்போது இறகுகள் நகராமல் நின்றுவிட, அழுத்தம் எகிறி, நீங்கள் சொன்னதேதான் நடக்கும். லேசான படிவு என்றால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் வைத்து நீண்ட ஏற்றம் ஒன்றை ஏறினாலே இளகிவிடும். கனத்த படிவு என்றால் டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பொருளைவிடக் கூலிதான் அதிகம் ஆகும். உடனே புது டர்போ வாங்கச் சொல்பவரிடம், தடியை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தக் காரில் ஸ்கேனர் காட்டும் அளவுத் தொகுதிகளில் 011ஆம் தொகுதியில் கணினி கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 003ஆம் தொகுதியில் காற்றளவும் அப்படியே வரும். முழு மிதியில் அந்த இரண்டு அழுத்தங்களும் சில நொடிகள் 200 மில்லிபாருக்கு மேல் விலகி நின்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. எண்களைப் பார்க்காமல் உதிரிகளை மாற்றிக்கொண்டே போகும் இடத்தில் காரை விடாதீர்கள்.

ஈஜிஆர் வால்வை (வெளிப்புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புவது) அடைத்துவிட்டால் வலு கூடும் என்று யாராவது சொல்வார்கள். முழு மிதியில் அது எப்படியும் மூடித்தான் இருக்கும். அடைப்பதால் உச்ச வலு கூடாது. ஆனால் கரி பிடித்துத் திறந்தபடி சிக்கியிருந்தால் வலு கட்டாயம் குறையும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். கையோடு காற்று நுழையும் பாதையையும் பாருங்கள். எண்ணெயும் கரியும் குழைந்து பாதையின் அகலத்தையே குறைத்திருக்கும்.

டீசல் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இந்த என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் ஒன்றாக இருக்கின்றன; 2,000 பாருக்கு மேல் அழுத்தும் அவற்றுக்கு மசகு டீசல்தான். நம் நாட்டில் மண்ணெண்ணெய் கலந்த டீசல் விற்பதுண்டு. மண்ணெண்ணெய்க்கு மசகுத் தன்மை குறைவு. ஆகவே விற்பனை மிகுந்த, நம்பகமான நிலையத்தில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம்) அல்லது அதைவிடக் கந்தகம் குறைந்த டீசலையே போடுங்கள். லிட்டருக்குச் சில சதம் மிச்சம் பிடிக்கத் தெரியாத இடத்தில் நிரப்பாதீர்கள். டீசல் ஃபில்டரை ஒவ்வொரு 15,000 கிலோமீட்டர் சர்வீஸிலும் மாற்றச் சொல்வது என் வழக்கம். அடைபட்ட ஃபில்டர், ஊருக்குள் பிழைத்துக்கொண்டு ஏற்றத்தில் கைவிடும்.

எண்ணெயும் அப்படித்தான். இன்ஜெக்டர்களை அழுத்துவதும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்தான் என்பதால் அதன்மேல் பாரம் அதிகம். டப்பாவில் 505.01 அல்லது 507.00 என்ற ஃபோக்ஸ்வேகன் தரக்குறி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வேறு எண்ணெய் ஊற்றி ஓடிய பல என்ஜின்களில் கேம்ஷாஃப்டின் முனைகள் தேய்ந்திருக்கும். 2,60,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு ரீமேப் (கணினியின் நிரலைத் திருத்தி வலுவைக் கூட்டுவது) செய்யும் முன், மேல் மூடியைத் திறந்து அந்த முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு மழுங்கியோ குழி விழுந்தோ இருந்தால் உங்கள் பணம் முழுதும் அங்கேதான் போகவேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், வலுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு என்ஜின் போய்விடும்.

பெரிய அலங்கார ரிம் போட்டிருந்தால் பழையதை மாட்டுங்கள். எடை குறைந்தால் இழுப்பு கூடும். டயர் காற்றையும், பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு கார் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். தொழிற்சாலைக் கணக்கில் 77 கிலோவாட், அதாவது 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. உச்சத் திருகுவிசை 1,900 சுற்றிலேயே வந்துவிடும். நான்கு பேரோடு டவுன் ஹில் ஏற இது போதும். ஐந்தாம் கியரிலேயே பிடித்துக்கொண்டு 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கவிடாமல், முன்கூட்டியே நான்காம் கியருக்கு வந்துவிடுங்கள். வழியில் அதற்குப் பிறகு வரும் வான் ரீனன் கணவாய்க்கும் அதே முறைதான். ஏற்றம் முடிந்து ஹாரிஸ்மித்தில் நிறுத்தினால், அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். டர்போ சூடு தணியட்டும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் ரீமேப் செய்யலாம். ஆனால் தபாலில் வரும் சிறு பெட்டி வேண்டாம். அவற்றில் மலிவானவை, டீசல் சூடாக இருக்கிறது என்று கணினிக்குப் பொய் சொல்பவை. சூடான டீசல் அடர்த்தி குறைந்தது என்பதால் கணினி கூடுதலாக ஊற்றும். காற்றை எண்ணாமல் டீசலை மட்டும் கூட்டினால் புகையும் வெளிப்புகைச் சூடும்தான் மிச்சம். உங்கள் கணினியில் உள்ள நிரலையே படித்துத் திருத்தும் ஆளிடம் போங்கள். இந்த என்ஜினில் ஒழுங்கான ரீமேப் 95 கிலோவாட்டை ஒட்டிக் கொடுக்கும். திருகுவிசை 300ஐத் தாண்டும்.

அந்த 300தான் சிக்கல். உங்கள் ஐந்து கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டரைக் கணக்கிட்டுச் செய்தது. கிளட்சும் இரட்டை ஃபிளைவீலும் (என்ஜினின் அதிர்வைத் தணிக்கும் கனத்த சக்கரம்) முதல் ஜோடியாகவே இருந்தால் கூடுதல் விசையில் வழுக்க ஆரம்பிக்கும். அவற்றை மாற்றும் செலவு உங்கள் 8,000 ரேண்டுக்குள் அடங்காது. போகும் முன் சோதியுங்கள்: சமதளத்தில், ஐந்தாம் கியரில், 2,000 சுற்றில் முழுதாக மிதியுங்கள். சுற்று முள் துள்ளி ஏறி வேகமுள் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது, ரீமேப்பை மறந்துவிடுங்கள். வழுக்கவில்லையென்றால், 2,000 சுற்றுக்குக் கீழே திருகுவிசையைக் கூட்ட வேண்டாம், உச்சத்தை 290ஐ ஒட்டி நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். எண் சிறிதாகத் தெரியும். ஆனால் ஏற்றத்தில் உங்களுக்கு வேண்டியது 2,000க்கும் 3,500க்கும் நடுவில் உள்ள இழுப்பு. அது கிடைத்துவிடும்.

டர்பனில் இருந்துகொண்டு ஜோஹன்னஸ்பர்க் போகிறவர் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும். கடற்கரையில் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார். 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் சுமார் 830தான். அதே அழுத்தத்தை என்ஜினுக்குத் தர அங்கே டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். அச்சு உடையாமலிருக்க, உயரத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் காப்புக் கணக்கு நிரலில் இருக்கிறது. சிலர் அதை எடுத்துவிடுகிறார்கள். கடற்கரையில் ஒன்றும் ஆகாது. ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலமான ஹைவெல்டில் டர்போ போகும். அந்தக் காப்பு அப்படியே இருக்கும் என்று உறுதி வாங்குங்கள். டைனோவில் (வலுவை அளக்கும் இயந்திரத்தில்) அளப்பதென்றால் முன்பும் பின்பும் ஒரே இயந்திரத்தில் அளக்கச் சொல்லுங்கள். மேட்டுநிலத்தில் அளந்த எண்ணில் உயரத்துக்கான திருத்தம் சேர்ந்திருக்கலாம். அதை டர்பன் எண்ணோடு ஒப்பிட முடியாது. பழைய நிரலின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரீமேப் செய்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு இடம் உண்டு. குடும்பத்தோடு அந்த மலைச்சாலையில் போகிறீர்கள். பிரீமியம் சிறிது ஏறினாலும் பரவாயில்லை. அவர்கள் பதில் கைக்கு வந்த பிறகே காரை வேலைக்கு விடுங்கள்.