திருவனந்தபுரத்தில் குழந்தைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை. மலையாளம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். 1956 வரை நம்ம குமரி மாவட்டமும் திருவிதாங்கூரோடு, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே. மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரங்களுக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு. தோவாளை, நாகர்கோவில் பக்கம்தான் திணறல்.

ஆபத்து தெரியாத சொல்லில் இல்லை, தெரிஞ்ச மாதிரி இருக்கிற சொல்லில். 'பனி' என்றால் காய்ச்சல். 'இன்னலெ' என்றால் நேற்று. 'இன்னைக்கு' மாதிரி காதில் விழும். "இன்னலெ பனி உண்டாயிருந்நோ?" என்று நர்ஸ் கேட்டால், இன்று காய்ச்சல் இல்லையே என்று தலையாட்டிவிடுவோம். கீமோ எடுக்கும் குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலே அவசரம். அதனால் தேதி, நேரம், வெப்பநிலையை நோட்டில் எண்ணாக எழுதிக் காட்டுங்க.

மருந்து அளவைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்க. சம்மதப் படிவம் புரியாமல் கையெழுத்து வேண்டாம்; தமிழ் தெரிந்த ஊழியரைக் கேட்க வெட்கப்படாதீங்க. குழந்தையையே மொழிபெயர்க்க விடுவது மட்டும் கூடவே கூடாது.