இரண்டு நிமிட வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாரண்டி முடிந்த இரண்டாம் மாதம், கரண்ட் மிச்சமாகும் என்று வாங்கிய எங்கள் பிஎல்டிசி விசிறி நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டதாம், புது போர்டுக்கு விசிறி விலையில் பாதி ஆகுமாம். 1924இல் பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க ஒப்பந்தம் போட்டது போலத்தானே இதுவும்? உள்ளூர் மெக்கானிக்கும் சளைத்தவரில்லை. பழைய விசிறிக்குக் கண்டன்சர் மாற்றும் இரண்டு நிமிட வேலைக்கு 200 ரூபாய் வாங்கினார். கண்டன்சர் விலை 50தான். இந்த லாப உலகத்தில் எந்த விசிறியைத்தான் வாங்குவது?

ச., கரூர்

அன்புள்ள ச.,

பல்பு கதை உண்மைதான். கூடுதல் நேரம் எரியும் பல்பு செய்தவர்களுக்கு அபராதமே போட்டார்கள். உங்கள் விசிறியும் அப்படித் திட்டமிட்டு நின்றதா என்பதற்கு நம் இருவரிடமும் ஆதாரம் கிடையாது. அதை விடுங்கள். என்னைத் தைத்தது அந்த ‘இரண்டு நிமிட வேலை’.

விசிறி மெதுவாகச் சுற்றினால் காயிலாக இருக்கலாம், பேரிங்காக இருக்கலாம், ரெகுலேட்டராகவும் இருக்கலாம். அவர் வந்து, சுவிட்சைப் போட்டு, சத்தத்தைக் கேட்டு, றெக்கையைக் கையால் தள்ளிப் பார்த்து, 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றை மாட்டினார். “காயில் போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லியிருந்தால் நீங்கள் நம்பித்தானே இருப்பீர்கள்? அப்படிச் சொல்லாத மனிதரை ஏமாற்றுக்காரர் வரிசையில் நிறுத்திவிட்டீர்களே.

என் மாமா பல்லடத்தில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கேதான் கிடப்பேன். வார்னிஷும் கருகிய காயிலும் கலந்த அந்த வாசனை இன்றும் எனக்குப் பிடிக்கும். கிணற்று மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். எரிந்த கம்பியை வெட்டி எடுத்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எத்தனை சுற்று என்று எண்ணுவது என் வேலை. கம்பியின் கேஜை, அதாவது தடிமனை, அவர் அளந்து நோட்டில் எழுதுவார். சுற்று குறைந்தாலோ கம்பி மெலிந்தாலோ மோட்டார் சூடேறும். மெல்லிய கம்பியைப் போட்டுக் காசு பார்த்த கடைகளும் உண்டு. மூடியை மூடிவிட்டால் விவசாயிக்கு என்ன தெரியப்போகிறது?

ஒருநாள் ஒரு பெரியவர் த்ரீ பேஸ் மோட்டாரோடு வந்தார். மாமா மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூன்று பேஸ் காயில்களில் இரண்டு கன்னங்கரேல் என்று இருந்தன. மூன்றாவது புதுசுபோல் மின்னியது. “ஸ்டார்ல கட்டின மோட்டார்டா. ஒரு பேஸ் வரலைன்னா மத்த ரெண்டும் சேர்ந்து இழுத்து எரியும். மோட்டார்மேல தப்பே இல்லை” என்றார். பெரியவரிடம் திரும்பி, “முதல்ல ஸ்டார்ட்டர் பெட்டியில பீஸ் கட்டையைப் பாருங்க மாமா. அதைச் சரி பண்ணாம மோட்டாரை மாட்டினா நான் கட்டுறதும் எரிஞ்சுபோகும்” என்றார்.

வாயை மூடிக்கொண்டு கட்டிக் கொடுத்திருந்தால் அதே மோட்டார் ஒரே மாதத்தில் திரும்ப வந்திருக்கும். இன்னொரு கூலி கிடைத்திருக்கும். கருகிய காயிலைப் பார்த்து எரிந்த காரணத்தைப் படிக்கத் தெரிந்தவர், அதைச் சொல்லித் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்டார். எனக்கு இந்த அறிவின்மேல் இருக்கும் மரியாதை எல்லாம் அன்றைக்கு வந்ததுதான். அவர் கூலியில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவர்களும் உண்டு, ச. அவர்கள் யாரும் புது மோட்டார் கடையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

கடையை எடுத்து நடத்த மாமாவின் மகன்கள் வரவில்லை. கை கறுக்கும் வேலைக்குப் பெண் தர மாட்டார்கள் என்றார்கள். அதையும் நாம்தானே சொன்னோம்? மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்தது. நல்லதுதான். பழுது பார்க்க ஆள் வேண்டுமே.

சரி, விசிறி. பிஎல்டிசி விசிறி முப்பது வாட் அளவில் ஓடும், பழையது எழுபத்தைந்து வாட் இழுக்கும். அதனால் பிஎல்டிசியைத் தூக்கிப் போடாதீர்கள். போர்டைக் கழற்றி அந்த மெக்கானிக்கிடமே கொண்டுபோங்கள். மேலே பிசின் ஊற்றி மூடியிருந்தால் கஷ்டம். இல்லையென்றால் ஒரு சின்ன பாகத்தை மாற்றிச் சால்டர் வைத்தாலே ஓடக்கூடும். போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள், அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.