மோசமான ஏற்பாடு யாருக்குச் சாதகம்?

கேள்வி: டெல்லி இந்தியா ஓபன் பேட்மிண்டனில் தூசி, பறவை எச்சம், காற்று மாசு என்று வெளிநாட்டு வீரர்கள் புகார் மேல் புகார் சொன்னார்கள். நம்மவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே? ஒருவகையில் நமக்கு இது சாதகம் இல்லையா? 2010 காமன்வெல்த் போட்டியில் ஏற்பாடுகள் மோசம் என்றார்கள். நாம் 101 பதக்கம் அள்ளினோமே!
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: சாதகம் இல்லை. முதலில் அடிபடுவது நம் வீரர்கள்தான்.

நீங்கள் சொல்லும் போட்டியையே எடுத்துக்கொள்வோம். 2026 ஜனவரியில் நம் பிரணாயும் சிங்கப்பூரின் லோ கீன் யூவும் ஆடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து பறவை எச்சம் விழுந்து ஆட்டம் நின்றது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். தோற்றவர் பிரணாய். டென்மார்க்கின் ஆண்டன்சன் காற்று மாசைக் காரணம் காட்டி வரவே இல்லை, அபராதமும் கட்டினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இல்லாத நிலையிலும் ஒற்றையர் பட்டம் இரண்டும் வெளிநாட்டவருக்கே போயின. 2017-ல் டெல்லி டெஸ்டில் இலங்கை வீரர்கள் முகமூடி போட்டு ஆடியதைப் பலர் கேலி செய்தார்கள். அதே டெஸ்டில் இலங்கையின் லக்மலும் மைதானத்தில் வாந்தி எடுத்தார், நம் ஷமியும் எடுத்தார்.

வெயிலையும் அழுக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1986-ல் சேப்பாக்கம் டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, ஆஸ்பத்திரியில் போய் சலைன் ஏற்றிக்கொண்டார். சென்னை வெயிலும் புழுக்கமும் யாரும் செய்த தவறு இல்லை. ஆடுகளம், ரசிகர் கூட்டம் போல அதுவும் உள்ளூர் அணிக்குச் சேர்ந்தது. (அந்த டெஸ்ட் டையில்தான் முடிந்தது.) கூட்டாத தரையும் கதவில்லாத கழிப்பறையும் அந்தக் கணக்கில் வராது.

சரி, 2010-க்கு வருவோம். நாலு வருஷம் முன்பு மெல்போர்னில் 50 பதக்கம், டெல்லியில் 101. இதற்கு வீரர்கள் தங்கிய அழுக்கு விடுதி காரணம் என்றால், அடுத்த மாதமே சீனாவின் குவாங்சோவில் நடந்த ஆசியப் போட்டிக்கு என்ன சொல்வீர்கள்? ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லாத அந்த ஊரில் 65 பதக்கம் வாங்கினோம். அதற்கு முந்தைய தோஹா போட்டியில் 53. சொந்த ஊரில் நடக்கப்போகிறது என்பதற்காகவே நம்மவர்களுக்குக் கிடைத்த நீண்ட பயிற்சியின் பலன் அது. அப்புறம், நடத்தும் நாடு தனக்கு வாகான விளையாட்டைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வில்வித்தையைச் சேர்த்தோம், 3 தங்கம் வந்தது. அது நியாயமான சாதகம். நீச்சலைப் பாருங்கள்: ஆஸ்திரேலிய, இங்கிலாந்து நீச்சல் வீரர்கள் பலர் வயிற்றுக்கோளாறில் படுத்தார்கள். அப்படியும் நீச்சலில் நமக்குக் கிடைத்த ஒரே பதக்கம், மாற்றுத்திறனாளிகள் பிரிவில் பிரசாந்த கர்மாகர் வாங்கிய வெண்கலம்.

என்னை அதிகம் உறுத்துவது வட்டெறிதல். டெல்லியில் பெண்கள் வட்டெறிதலின் மூன்று பதக்கமும் நமக்குத்தான். தங்கம் வென்ற கிருஷ்ணா பூனியா, 1958-ல் மில்கா சிங்குக்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர். ஆனால் அப்போதைய உலக சாம்பியன், ஆஸ்திரேலியாவின் டேனி சாமுவேல்ஸ், பாதுகாப்பும் சுகாதாரமும் சரியில்லை என்று போட்டிக்குச் சில நாள் முன்பு விலகிவிட்டார். போட்டி தொடங்கப் பன்னிரண்டே நாள் இருக்கையில் பிரதான மைதானத்துக்குப் பக்கத்தில் நடைபாலம் இடிந்து தொழிலாளிகள் காயப்பட்டிருந்தார்கள். அவர் பயந்ததில் தப்பில்லை. 'சாமுவேல்ஸ் வந்திருந்தால்?' என்ற கேள்வி இன்றும் அந்தத் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூனியா லண்டன் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போனவர், யாருடன் மோதவும் தயங்காதவர். யாரோ பாலத்தை ஒழுங்காகக் கட்டாததற்கு அவருடைய தங்கம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

கடைசியாக, 'பழக்கம்தானே' என்கிறீர்களே. அந்தப் பழக்கம் எப்படி வருகிறது தெரியுமா? பள்ளி விளையாட்டுப் போட்டி நடக்கும் மைதானங்களைப் போய்ப் பாருங்கள். கழிப்பறை பூட்டியிருக்கும்; திறந்திருந்தால் தண்ணீர் வராது. அதனால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு உச்சிவெயிலில் 1500 மீட்டர் ஓட நிற்கிறாள் ஒன்பதாம் வகுப்புப் பெண். பாதியில் தசை பிடித்து உட்கார்ந்துவிட்டால் 'ஸ்டாமினா போதாது' என்று எழுதிவிடுவார்கள். அவளுக்குப் பழகியிருப்பது தாகம். அதைத்தான் நீங்கள் சாதகம் என்கிறீர்கள்.

நம்மால் ஒழுங்காக நடத்த முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2022-ல் ரஷ்யாவிடமிருந்து கைமாறிய செஸ் ஒலிம்பியாடை மாமல்லபுரத்தில் சில மாதங்களில் தயார்செய்து, வந்தவர்கள் பாராட்டும்படி நடத்திக் காட்டினோம். நம் அணிகள் ஓபன் பிரிவிலும் பெண்கள் பிரிவிலும் வெண்கலம் வாங்கின. அந்தப் பதக்கங்களைப் பார்த்து ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது. இப்போது எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளில் சிலர் அங்கே போய் நிற்கக்கூடும். அதற்குள் உங்கள் பெரம்பூர் பக்கத்து மைதானங்களில் எத்தனை கழிப்பறை திறந்திருக்கிறது, எதில் தண்ணீர் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். இதே பக்கத்தில் போடுகிறோம்.