பழைய டெஸ்க்டாப்பை வீட்டு ஃபைல் சர்வராக்கலாமா?

கேள்வி: ஆறாம் தலைமுறை கோர் ஐ5, எச்110 போர்டு, 8 ஜிபி ரேம் கொண்ட பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. குடும்பப் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 4 டிபி வரும். நான்கு ஹார்டு டிஸ்க் மாட்டி, ட்ரூநாஸ் என்ற ஃபைல் சர்வர் ஓஎஸ் ஏற்ற நினைக்கிறேன். எந்த டிஸ்க் வாங்குவது? ரெய்டு கார்டு வேண்டுமா? ஈசிசி ரேம் இல்லாமல் கூடாது என்கிறார்களே? – ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக ஆக்கலாம். ஃபைல் கொடுத்து வாங்கும் வேலைக்கு அந்த ஐ5 தேவைக்கு மேலேயே போதும். ஆனால் நான்கு டிஸ்க் என்ற கணக்கை முதலில் மாற்றுங்கள்.

எச்110 சிப்செட்டில் சாட்டா போர்ட் மொத்தமே நான்குதான். நான்கிலும் டேட்டா டிஸ்க் மாட்டிவிட்டால் சிஸ்டம் எதிலிருந்து பூட் ஆகும்? ட்ரூநாஸ் தனக்கென்று ஒரு டிரைவை முழுதாக எடுத்துக்கொள்ளும். அதில் உங்கள் ஃபைல்களை வைக்க முடியாது. பென்டிரைவில் ஏற்றினால் எழுதி எழுதியே அது தேய்ந்து போகும். ஆகவே ஒரு போர்ட்டில் 120 ஜிபி அளவில் சாதாரண எஸ்எஸ்டி, இரண்டில் 8 டிபி டிஸ்க் இரண்டு மிரராக (ஒரே டேட்டா இரண்டிலும் இருக்கும்படி), நான்காவது காலி. நாளை ஒரு டிஸ்க் மாற்ற நேர்ந்தால், பழையதைக் கழற்றாமலே புதியதைப் பக்கத்தில் மாட்டி மாற்ற அந்தக் காலி போர்ட் உதவும். 8 டிபி டிஸ்க் சிஸ்டத்தில் 7.27 என்றுதான் காட்டும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. அப்படிப் பார்த்தாலும் உங்கள் 4 டிபிக்குப் பிறகு இடம் மிஞ்சும்.

டிஸ்க் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹார்டு டிஸ்க்கில் சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை. வாங்க வேண்டியது சிஎம்ஆர்; அதில் டேட்டா எழுதும் தடங்களான டிராக்குகள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் டிராக்குகள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் விளிம்பில் ஒன்று ஏறி நிற்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற அடுத்த வரிசைகளையும் பிரித்து வேய வேண்டும் அல்லவா, அதே கதைதான்: சின்ன மாற்றத்துக்கும் ஒரு பெரிய பகுதியைப் படித்துத் திரும்ப எழுதும். அன்றாட உபயோகத்தில் இது தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் மணிக்கணக்காகத் தொடர்ந்து எழுதும் நாளில் வேகம் அதலபாதாளத்துக்குப் போகும். டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்தால் இசட்எஃப்எஸ் (ட்ரூநாஸின் ஃபைல் சிஸ்டம்) அதைப் பழுது என்று முடிவுகட்டி வெளியே தள்ளிவிடவும் கூடும். இருக்கும் ஒரே நல்ல பிரதியை நம்பி நிற்கும் நேரத்தில் இது நடக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

‘நாஸ்’ (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) என்று லேபிள் இருந்தாலே போதும் என்று நம்பாதீர்கள். டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது. இப்போது சிஎம்ஆர் வேண்டுமானால் ‘ரெட் பிளஸ்’ என்று பார்த்து வாங்க வேண்டும். வெறும் ‘ரெட்’ வேண்டாம். சீகேட்டில் அயன்வுல்ஃப் முழுக்க சிஎம்ஆர். விலை குறைவென்று அதே நிறுவனத்தின் 8 டிபி பாராகுடாவை எடுத்தால் அது எஸ்எம்ஆர். கடைக்காரரிடம் வகையைக் கேட்பதைவிட லேபிளில் உள்ள மாடல் எண்ணை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுவது நிச்சயம்.

பல டிஸ்க்கைத் தானே சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டு வேண்டவே வேண்டாம். இசட்எஃப்எஸ் டிஸ்க்கை நேராகப் பார்க்க வேண்டும்; நடுவில் ரெய்டு கார்டு உட்கார்ந்தால் டிஸ்க்கின் உண்மை நிலை மறைந்துவிடும். பின்னால் போர்ட் போதாமல் போனால் கூடுதல் டிஸ்க் போர்ட் தரும் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற எச்பிஏ கார்டு, அதுவும் டிஸ்க்கை அப்படியே காட்டும் ‘ஐடி மோடு’ ஃபர்ம்வேர் ஏற்றியது, சரியாக இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டில் மாட்டலாம். சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு அது. வீட்டுப் பெட்டியில் ஹீட்சிங்க் தொட முடியாத அளவுக்குச் சுடும். சின்ன ஃபேன் ஒன்றை அதன் மேல் கட்டுங்கள். அதற்கான கேபிளில் ‘ஃபார்வர்டு’, ‘ரிவர்ஸ்’ என்று இரண்டு உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ரிவர்ஸை மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. கார்டு பழுதென்று திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் கேபிளைப் பார்ப்பது நல்லது.

ஈசிசி (ரேமில் வரும் பிழையைத் தானே திருத்தும் வசதி) நல்ல விஷயம்தான், ஆனால் உங்கள் ஐ5 அதை ஏற்காது. அதற்காக இந்த மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 8 ஜிபி ட்ரூநாஸுக்குக் குறைந்தபட்சம். 16 ஆக்கினால் நிம்மதி. எச்110இல் டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்குமே போர்டுகள் உண்டு, இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாக விற்கும் சர்வர் ரேம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு வகை. போட்டால் மெஷின் பூட் ஆகவே ஆகாது. புது ரேமை ஓர் இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை புரோகிராமில் விடுங்கள்.

பழைய பவர் சப்ளையை மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் மாற்றுங்கள். 3.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு அது பெரிய சுமையில்லை, ஆனால் கெப்பாசிட்டர் உப்பிய பழைய யூனிட் அங்கேதான் தடுமாறும். 450 வாட்டில் நல்ல நிறுவனத்தின் யூனிட் போதும். உங்களுடையது பிராண்டட் ஆபீஸ் மெஷின் என்றால், போர்டில் வழக்கமான 24 பின் கனெக்டர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்; பலவற்றில் இருக்காது, கடையில் விற்கும் யூனிட் பொருந்தாது. மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வார்ப்புக் கனெக்டர்கள் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது தெரிந்த விஷயம், வேண்டாம். மாடுலர் யூனிட்டின் கேபிளை வேறு மாடலில் மாட்டவும் கூடாது. பிளக் பொருந்தும், ஆனால் பின் வரிசை மாறி 5 வோல்ட் இடத்தில் 12 வந்தால் டிஸ்க்கின் போர்டு கருகும்.

யூபிஎஸ் வாங்கினால் யூஎஸ்பி போர்ட் உள்ளதாக இருக்கட்டும். அது இருந்தால்தான் கரண்ட் போன செய்தி சர்வருக்குப் போய், பேட்டரி தீர்வதற்குள் அது தானாக ஷட்டவுன் ஆகும். சித்திரை வெயிலில் டிஸ்க் 45 டிகிரியைத் தாண்டாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு பே (டிஸ்க் மாட்டும் இடம்) காலி விட்டு முன்னால் 120 மிமீ ஃபேன் ஒன்று வையுங்கள். ரவுட்டரிலிருந்து ஒயரில் இணையுங்கள். காப்பி வேகம் நொடிக்கு 110 எம்பி அருகில் வர வேண்டும். 11இல் நின்றால் பெரும்பாலும் லேன் கேபிளில் ஒரு ஜோடி அறுந்து இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கிரிம்ப் செய்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

டிஸ்க் வந்ததும் டேட்டா ஏற்றாமல், டிஸ்க் தன்னைத்தானே முழுதாகச் சோதிக்கும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட் ஓட்டுங்கள். 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். பிறகு ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான பகுதிகளைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒன்றில் எண் ஏறியிருந்தாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். கேபிள் வழி வரும் பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஓடிய மணிக்கணக்கையும் கவனியுங்கள். பழைய டிஸ்க்கில் அதை அழித்துப் புதிதென்று விற்ற விவகாரம் 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிவந்தது. சீகேட் டிஸ்க் என்றால் ‘ஃபார்ம்’ என்ற தனிப் பதிவில் உள்ள மணிக்கணக்கோடு ஒப்பிடலாம்.

நான்கு டிஸ்க்குக்கென்று ஒதுக்கிய பணத்தில் மீதி இருக்கும். அதில் 8 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை காப்பி எடுத்து, கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். தவறுதலாக அழித்த போட்டோ மிரரின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நொடியில் போய்விடும். அதற்கு இந்த வெளி டிஸ்க்தான். இதில் எஸ்எம்ஆர் வந்தாலும் பரவாயில்லை.